மேகாத்துக்கும் சாரலுக்கும் எந்த டென்ட் தாங்கும்?

அண்ணன் மகள் கோவையில் படிக்கிறாள். வைகாசி கடைசியில் தோட்டத்துக்கு வந்திருந்தபோது போனை என் பக்கம் நீட்டி, "சித்தப்பா, இதை வாங்கட்டுங்களா? ஒரு கிலோ கூட இல்லீங்க" என்றாள். ரெண்டு பேர் படுக்கும் டென்ட், எடை 900 கிராம். படத்தில் லட்சணமாகத்தான் இருந்தது.

"எங்க கண்ணு போறீங்க? எந்த மாசம்?"

"வால்பாறைங்க. கூடப் படிக்கிற பிள்ளையோட மாமா எஸ்டேட்ல வேலை பாக்கறாருங்க. ஆடி பொறந்ததும் ரெண்டு நாள் போலாம்னு."

ஆடி மாதம், வால்பாறை, முதல் டென்ட். மூன்றையும் சேர்த்துக் கேட்டதும் இது வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பொழுது சாயும்வரை திண்ணையில் உட்கார்ந்து வேறு எது சரிப்படும் என்று ஒவ்வொன்றாக அலசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். திருப்பூரில் துணிச் சோதனை என் பிழைப்பு. பத்துப் பன்னிரண்டு வருடமாக டென்ட் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போவதும் வழக்கம். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்ததால் துணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அடுத்து எத்தனை மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்று பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் கொங்குப் பக்கம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது காற்று. அதற்கு அடுத்தபடி, டென்டுக்குள்ளேயே ஊறும் ஈரம். மேலிருந்து விழும் மழை மூன்றாவதுதான்.

நம் பக்கம் கெட்ட வானிலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வாரிக்கொண்டு போகும். அந்தப் பக்கமெல்லாம் காற்றாலை நிற்பது இதனால்தான். மேகாத்து என்று நாம் சொல்வது இதைத்தான். மழை பேருக்குத் தூறினால் உண்டு. காற்று மட்டும் ஆனி, ஆடி முழுக்க ராத்திரி பகல் பார்க்காமல் அடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் தள்ளு நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அமைதியாக நின்ற டென்ட் 40இல் வேறு டென்டாகிவிடுவது இதனால்தான்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனால் அதே பருவக்காற்று மழையாக இறங்குகிறது. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே ஆடி மழை கொட்டிவிட்டு ஓய்வதில்லை. சாரல், மூடுபனி, மறுபடி சாரல் என்று நாள் கணக்கில் போகும். துண்டைக் கொடியில் போட்டால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக எடுக்க வேண்டியிருக்கும்.

கொல்லிமலை, பர்கூர், தாளவாடிப் பக்கம் சித்திரை வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இடியோடு வரும். முதலில் ஒரு சுழற்காற்று, அப்புறம் ஒரு மணி நேரம் கொட்டல், அப்புறம் வானம் வெறிச்சென்று ஆகிவிடும். மின்னலுக்கு எந்த டென்டும் காப்பு இல்லை. இடி நெருங்கினால் மேட்டிலிருந்து இறங்கி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டியதுதான்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு டென்டுக்கு வருகிறேன்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஃபைபர் ராடு வைத்த டோம் டென்ட். நானும் அதைத்தான் வாங்கினேன். இரண்டு பேருக்கானது இரண்டரை, மூன்று கிலோ இருக்கும்; விலை சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். ஒரு ஆடி மாதம் உடுமலைக்குப் பக்கத்தில் நண்பரின் தோட்டத்தில், தென்னந்தோப்புக்கு வெளியே திறந்த காட்டில் அதைப் போட்டுப் படுத்தேன். தென்னைக்கு அடியில் மட்டையும் காயும் விழும் என்பதால் வெளியே போட்டது சரிதான். தடுப்பு எதுவும் இல்லாமல் மேற்கு முழுக்கத் திறந்து கிடந்ததுதான் தப்பு.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். காற்று அழுத்தும்போதெல்லாம் மேற்குப் பக்கத்துச் சுவர் என் முகத்துக்கு மேல் வந்து தொட்டுவிட்டுப் போனது. பாதி ராத்திரிக்கு மேல் படக்கென்று ஒரு சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால், ராடு இரும்புக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. பென்சில் மொத்தத்தில் வழவழப்பாக இருந்த ராடு, காய்ந்த மட்டையைக் கிழித்தால் நார் பிரிவதுபோல வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து, ராடு ஓடும் துணிக்குழலைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தேன். மறுநாள் உள்ளங்கையில் கண்ணாடி நார். கண்ணுக்குத் தெரியவில்லை, லுங்கியில் கையைத் துடைக்கும்போது மட்டும் சுருக் சுருக்கென்றது. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்துத்தான் எடுத்தேன்.

அலுமினிய ராடு தாங்க முடியாத காற்றில் வளையும். வளைந்ததை ஓரளவுக்கு நிமிர்த்தலாம். ஒடிந்தாலும் அதன் மேல் ஒரு சிறு குழாயைச் செருகி டேப் சுற்றினால் ராத்திரியைக் கடத்திவிடலாம். பிளந்த ஃபைபரை அந்த இடத்தில் வைத்துச் சரிசெய்வது கஷ்டம்.

விலை குறைந்த டோமில் இன்னொரு குறை உண்டு. பலதில் மேல்துணி தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடும். பக்கவாட்டில் கொசுவலை ஜன்னல் திறந்தே இருக்கும். நேராக விழும் மழைக்கு அது போதும். நம் சாரல் காற்றோடு படுக்கையாக வரும். மேல்துணி நான்கு பக்கமும் தரைக்கு ஒரு சாண் வரை இறங்காத டென்டை வால்பாறைக்கு எடுத்துப்போகவே வேண்டாம். தை மாசியில் தோட்டத்தில் பிள்ளைகளோடு படுக்க, கார் பக்கத்திலேயே நிற்க, அந்த டோம் நல்ல டென்ட்தான். என்னிடம் ஒன்று இன்னும் இருக்கிறது, புது ராடு போட்டு வைத்திருக்கிறேன்.

மருமகப் பிள்ளைகள் இருவருக்கும் அண்ணன் மகளுக்கும் அதை அடிக்கடி கொடுப்பேன். அவளுக்கு அதன் கனம் பிடிக்காமல் போனதால்தான் நேராக மறுகோடிக்குத் தாவி, 900 கிராமில் போய் நின்றாள்.

அவள் காட்டியது ட்ரெக்கிங் கம்பு வைத்து நிறுத்தும் டென்ட். ராடே கிடையாது. கையில் ஊன்றிப் போகும் இரண்டு கம்புகளை உள்ளே நிமிர்த்தி, நாலு பக்கமும் இழுத்து முளையடித்தால் நின்றுவிடும். கனடாக்காரரான டான் டர்ஸ்டன் வடிவமைத்த எக்ஸ்-மிட், டைனீமா என்ற எடை குறைந்த, உறுதியான துணியில் வரும் ஸீபேக்ஸ் கம்பெனி டென்ட் போன்றவை இந்த இனம். உலகத்தில் நெடுந்தூரம் நடக்கிறவர்கள் பலர் இதைத்தான் தூக்கிப் போகிறார்கள். சரியாக இழுத்துக் கட்டினால் காற்றிலும் நன்றாகவே நிற்கும். இந்த வகையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை; தாளவாடிப் பக்கம் தை மாதம் நடக்கப் போனால் நானே இரவல் வாங்கிப் போவேன்.

ஆனால் இந்த டென்டின் உயிர் முழுக்க முளையில் இருக்கிறது. ஒரு மூலை முளை பிடுங்கிக்கொண்டால் பாதி டென்ட் மேலே விழும். நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். பல்லடம், காங்கயம் பக்கம் ஒரு சாண் தோண்டுவதற்குள் சுக்கான் கல் தட்டும்; முளை வளையுமே தவிர இறங்காது. வால்பாறையில் நேர்மாறு. மழை ஊறிய மண்ணில் முளை கையாலேயே இறங்கும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். ராடு வைத்துத் தானாக நிற்கும் டென்டில் ஒரு முளை போனால் துணி படபடக்கும், அவ்வளவுதான், விடிந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை போகிற இரண்டு பெண்பிள்ளைகள், இருட்டில், சாரலில், முளையைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

எடைக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அந்த 900 கிராமில் முளையும் சேரவில்லை, கீழே விரிக்கும் துணியும் சேரவில்லை. இவளிடம் ட்ரெக்கிங் கம்பு இல்லை. கம்பு ஒன்று 250 கிராம் என்று வைத்தால் இரண்டுக்கு 500. நல்ல முளை எட்டு, 120 கிராம். தரைத்துணி 150. ஆக மொத்தம் 1,670 கிராம். முளையெல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வரும் அலுமினிய ராடு டென்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 330 கிராம். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 165. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே கம்பு ஊன்றி நடக்கிறவருக்கு இந்தக் கணக்கு மாறும். கம்பு எப்படியும் கையில் இருக்கப் போகிறது, அவருக்கு மிச்சம் மெய்யான மிச்சம். இவளுக்கு அப்படி இல்லை.

எடை குறைக்கப் பலரும் செய்யும் இன்னொரு வேலை, ஒற்றைத் துணி டென்ட். இரட்டைத் துணி டென்டில் உள்ளே காற்றோட்டமான ஒரு கூடு, அதற்கு மேல் மழையைத் தடுக்கும் வெளித்துணி, நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒற்றைத் துணியில் அந்த மழைத்துணிதான் உங்கள் சுவர். நண்பருடைய அப்படியொரு டென்டில் வால்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்தேன். மழைத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலை நாலு மணிக்குக் கண் விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் துணி முழுக்க முத்து முத்தாக நீர். எங்கள் மூச்சு. ஓர் ஆள் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியேறும். வெளியே பனி மூடியிருக்கும்போது அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. குளிர்ந்த துணியில் ஒட்டிக்கொள்கிறது. காற்று ஒரு தட்டுத் தட்டியதும் அத்தனை முத்தும் பொலபொலவென்று முகத்தில் விழுந்தது. இரட்டைத் துணியிலும் இதே ஈரம் ஊறத்தான் செய்யும், ஆனால் அது வெளித்துணியின் உட்புறமாக வழிந்து மண்ணுக்குப் போய்விடும், போர்வை தப்பிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வால்பாறை மழைக்காலத்துக்கு ஒற்றைத் துணி வேண்டவே வேண்டாம் என்பேன்.

தார்ப்பாய் பற்றி அவளே கேட்டாள். "சில்பாலின் கட்டிக்கலாமுங்களா சித்தப்பா? வீட்லயே கெடக்குது." நாலுக்கு மூன்று மீட்டர் சில்பாலின், 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) என்று வைத்தால் 12 சதுர மீட்டர், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எடை ஒத்துப்போகிறது, செலவும் இல்லை. கட்டத் தெரிந்தவன் கையில் தார்ப்பாய் பெரிய ஆயுதம். ஆனால் அதற்குத் தரை கிடையாது, வால்பாறை மழைக்காலத்தில் அட்டை உண்டு. ஈரப் புல்லில் பத்து நிமிடம் நின்றாலே செருப்பு வழியாக ஏறிவிடும் அட்டை, ராத்திரி முழுக்கப் படுத்திருக்கும் ஆளைச் சும்மா விடாது. தரையும் வலையும் சேர்த்துத் தைத்த உள்கூடு அங்கே வசதிக்காக அல்ல, அவசியத்துக்கு. தொட்டில் மாதிரி மரத்தில் கட்டும் ஹேமக்குக்கு அந்தத் தொல்லை இல்லைதான். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமும் வரிசையாக நிற்கும். ஆனால் முதுகுக்குக் கீழே காற்று போவதால் தனியாக ஒரு மெத்தை கட்டாமல் அந்தக் குளிரில் தூங்க முடியாது, பலமான காற்றில் மரத்தடியும் ஆகாது.

மிஞ்சியது அலுமினிய ராடு வைத்த இரட்டைத் துணி டென்ட். இரண்டு பேருக்கானது ஒன்றரையிலிருந்து இரண்டே கால் கிலோ வரை வருகிறது. இதற்குள்ளேயும் பார்த்து எடுக்க நிறைய இருக்கிறது.

முதலில், எதை முதலில் நிறுத்துவது என்பது. நேச்சர்ஹைக் க்ளவுட் அப், எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா போன்ற பெயர்பெற்ற டென்டுகள் உள்கூட்டை முதலில் நிறுத்தி, மேல்துணியை அப்புறம் போர்த்தும் விதம். வெயிலில் அது சுகம். சாரலில் போடும்போது, மேல்துணி ஏறுவதற்குள் உள்கூடு நனைந்து தரையில் தண்ணீர் தேங்கிவிடும். ஸ்வீடனின் ஹில்லபர்க் கம்பெனி போடும், சுரங்கம் மாதிரி நீண்ட சுரங்க டென்டுகளில் ராடு வெளித்துணியில் ஓடுகிறது. உள்கூடு அதிலேயே தொங்குவதால் இரண்டும் ஒன்றாக எழும்பும். மழையில் போடுவதற்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை. விலை நம் கைக்கு எட்டாது. சுரங்க டென்டுக்கும் முளை அடித்தே ஆக வேண்டும், ஒடுங்கிய முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பவும் தெரிய வேண்டும். நடுவழி ஒன்று இருக்கிறது. உள்கூடு முதலில் என்றிருக்கும் டென்டுகள் பலவற்றில், அடியில் விரிக்கும் துணியில் ராடைச் செருகி மேல்துணியை மட்டும் தனியாக நிறுத்த முடியும். அப்புறம் உள்ளே புகுந்து, நனையாமல் கூட்டை மாட்டலாம். இது முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். முடியும் என்றால் அதற்குரிய அடித்துணியையும் சேர்த்தே வாங்குங்கள்.

இனி துணி. இங்கேதான் விளம்பரத்தைவிட என் தொழில் எனக்குத் துணை நிற்கிறது. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராம் கணக்கில். 20 டெனியர் என்றால் அந்த நீளத்து நூல் 20 கிராம்தான். கையில் எடுத்தால் வெங்காயத்தோல் மாதிரி இருக்கும். நைலான் அதே மெல்லிசில் பாலியெஸ்டரைவிடக் கிழிசலைத் தாங்கும், அதனால் எடை குறைந்த டென்டில் நைலானே அதிகம். ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும். சோதனைக்கூடத்து நிலையில் காற்றிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் ஈரம் நூற்றுக்கு நாலு பங்கு. பாலியெஸ்டருக்கு அரைப் பங்குகூட இல்லை, 0.4தான். டென்டில் இதற்கு என்ன பொருள்? சாயங்காலம் மத்தளம் மாதிரி விறைப்பாகக் கட்டிய நைலான், சாரலில் ஊறியதும் நீண்டு தொங்கும். தொங்கிய துணி காற்றில் படபடக்கும், உள்கூட்டைத் தொடும், தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே கடத்தப்படும். நடு ராத்திரி எழுந்து கயிற்றை மறுபடி இழுக்க வேண்டும். பாலியெஸ்டர் கட்டியது கட்டியபடி நிற்கும். வெயிலையும் அது கூடுதலாகத் தாங்கும். இருநூறு கிராம் கூடினாலும் வால்பாறைக்கு மேல்துணி பாலியெஸ்டர்தான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வாட்டர்ப்ரூஃப் எண்ணுக்கு வருவோம். 1,500 மில்லிமீட்டர் என்றால் துணியின் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் அது தாங்கும் என்று பொருள். மேல்துணிக்கு அது போதும். தரைக்குப் போதாது, ஈரத் தரையில் முட்டிபோட்டால் அந்த ஒரு இடத்தில் உடம்பின் பாரம் முழுக்க இறங்குகிறது. தரை 3,000க்குக் குறையாமல் இருக்கட்டும். மேல்துணிக்கு 5,000 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கண்ணைத் தையலின் மேல் வையுங்கள். துணி கசிந்து நனைந்த டென்டைவிடத் தையல் கசிந்து நனைந்த டென்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாசல். உட்புறம் தையல் நெடுக டேப் ஒட்டியிருக்கிறதா, மூலையிலும் வளைவிலும் அது சுருங்காமல் படிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் டேப் ஒட்டாது. அதற்குச் சிலிக்கான் பசையை நாமே தையலில் தடவிக் காயவிட வேண்டும். விற்கிறவர் அதைச் சொல்லாமல் விடலாம்.

முளையும் கயிறும் எடையைக் குறைக்கும் இடம் இல்லை. டென்டோடு வரும் கம்பி முளைகளை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று இதழாகப் பிரிந்த அலுமினிய முளை எட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடிக்கும் விதத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் அப்பாரு, மாடு கட்டும் முளைக்குச்சியில். மாடு இழுக்கும் திசைக்கு எதிராகத் தலை சாய்ந்திருக்க வேண்டும், கயிறு மண்ணை ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பார். டென்டும் இழுக்கிற மாடுதான். முளையின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாயட்டும், முழுக்க மண்ணுக்குள் போகட்டும். சுக்கான் தரையில் இறங்காவிட்டால் தலையளவு கல்லில் கயிற்றைச் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றுங்கள். எஸ்டேட் மண்ணில் ஒரே கயிற்றுக்கு இரண்டு முளை, ஒன்றின் பின்னால் ஒன்று.

வாசலுக்கு வெளியே மேல்துணி நீண்டு ஒரு சின்னத் தாழ்வாரம் இருக்குமே, அது இரண்டு பக்கமும் இருக்கும் டென்டாகப் பார்க்கச் சொன்னேன். நனைந்த பையும் அட்டை ஒட்டிய ஷூவும் அங்கேயே நிற்க வேண்டும். அங்கே அடுப்பு மட்டும் பற்றவைக்கக் கூடாது. துணியில் தீயும் பிடிக்கும், மூடிய டென்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அதைவிடக் கொடியது.

எங்கே போடுவது என்பதில் ஒரு வார்த்தை. ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் படுப்பது சட்டப்படி குற்றம், யானை நடக்கும் தடத்தில் படுப்பது அதைவிடப் பெரிய பிழை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்தபின் மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன. தனியார் எஸ்டேட் என்றாலும் வேலி, ஆள் நடமாட்டம், விளக்கு உள்ள இடத்தில், அங்கே இருக்கிறவர் காட்டும் மண்ணில்தான் போட வேண்டும். இவள் டென்ட் எஸ்டேட் குடியிருப்பின் முற்றத்தில் நிற்கப் போகிறது. அந்த உறுதி கிடைத்தபின்தான் அண்ணன் சரி என்றார்.

கடைசியில் அவள் எடுத்தது பாலியெஸ்டர் மேல்துணி, எட்டரை மில்லிமீட்டர் அலுமினிய ராடு, இரட்டைத் துணி, இரண்டு பக்கம் வாசல், முளையோடு 2.1 கிலோ. 900 கிராமைவிட விலையும் குறைவு. ராடும் முளையும் தோழியின் பையில், துணி இவள் பையில். வந்த அன்றே மொட்டைமாடியில் நிறுத்தி, ஓஸ் பைப்பில் கால் மணி நேரம் நாலு பக்கமும் தண்ணீர் அடித்தோம். கதவு ஜிப்புக்கு மேல் ஒரு தையலில் டேப் கொஞ்சம் தூக்கியிருந்தது. அந்த வழியாக உள்ளே ஒரு கோடு இறங்கியது. வால்பாறையில் தெரிய வேண்டியது வீட்டிலேயே தெரிந்தது நல்லது. மாற்றித் தரச் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார்கள்.

மாற்றி வந்ததையும் நனைத்துப் பார்த்தோம், துளி இறங்கவில்லை. ஈரத்தோடு சுருட்டப் போனவளைத் தடுத்து, நிழலில் கொடியில் போட்டுக் காயவைத்தோம். நம் ஊர்ச் சூட்டில் ஈரத்தோடு மடித்து வைத்தால் உட்புறத்துப் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, கெட்ட வாடை அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் அந்தத் துணியைக் காப்பாற்ற முடியாது.

ஆனி இரண்டாம் ஞாயிறு தோட்டத்தில் மேகாத்துக்கு நேராக அதை நிறுத்திப் பார்த்தாள். நான் கை வைக்கவில்லை. முதல் தடவை இருபது நிமிடம், நாலாவது தடவை ஏழு. ஐந்தாவது தடவை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.